பூசணி ரொட்டி ஏன் களியாகிறது?

கேள்வி: டொராண்டோவில் வசிக்கிறேன். அக்டோபரில் கிடைக்கும் பூசணிக்காயை முழுக் கோதுமை மாவுடன் சேர்த்து ஓவனில் இனிப்பு ரொட்டி சுட்டேன். நடுப்பகுதி களிபோல் அமுங்கிவிட்டது. எங்கே பிழை?

பதில்: பெரும்பாலும் பிழை பூசணியில்தான் இருக்கும். ஹாலோவீனுக்கு முகம் செதுக்கும் பெரிய காய் நாரும் நீருமாக இருக்கும்; சமையலுக்கென்று விற்கும் சிறிய, சதைப்பற்றுள்ள காயையே வாங்குங்கள். அதை இரண்டாக வெட்டி, வெட்டிய பக்கம் தட்டில் படும்படி கவிழ்த்து, 200 டிகிரி செல்சியஸில் முக்கால் மணி நேரம் சுட்டு, மசித்து, மெல்லிய துணியில் கட்டித் தொங்கவிட்டால், மஞ்சள் நீர் சொட்டுச் சொட்டாக இறங்குவதை நீங்களே காண்பீர்கள். அந்த நீர்தான் உங்கள் ரொட்டியை அமுக்கியிருக்கிறது.

முழுக் கோதுமையின் தவிடு ஈரத்தை மெதுவாகவே உறிஞ்சும் என்பதால், மாவை மோரில் அரை மணி நேரம் ஊறவிடுங்கள். ஆப்பச் சோடாவை மட்டும் கடைசியில் சேர்த்து, அதிகம் கிளறாமல் உடனே ஓவனில் வையுங்கள். 175 டிகிரியில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். நடுவில் குத்திய குச்சியில் மாவு ஒட்டாமல் வரவேண்டும். ஆறும்வரை வெட்டாதீர்கள், சூட்டோடு வெட்டினால் நன்றாக வெந்த ரொட்டியும் பிசுபிசுக்கும்.