ஜெஸ் வார்னிஷை பிரிட்டிஷ் சைக்கிளிங் அணியிலிருந்து நீக்கியது நேரத்தை வைத்தா, வாய்ப்பேச்சை வைத்தா?

'டைம் மோசமானது, நீக்கினார்கள். இதில் என்ன சர்ச்சை?' என்று கேட்டிருக்கிறீர்கள். நேரம் மட்டும்தான் பிரச்சினை என்றால் சர்ச்சையே வந்திருக்காது.

பெண்கள் டீம் ஸ்பிரிண்ட் என்ற குறுந்தூர அணிப் போட்டியில் அப்போது ஓர் அணிக்கு இரண்டே பேர், இரண்டே சுற்று. முதல் 250 மீட்டரை இழுத்துக்கொடுத்துவிட்டு விலகுவதுதான் வார்னிஷின் வேலை. நின்ற இடத்திலிருந்து சைக்கிளைக் கிளப்பும் அந்த ஒரு சுற்றுக்காகவே வருடக்கணக்கில் பயிற்சி. 2016 மார்ச்சில், லண்டன் உலகப் போட்டியில், அவரும் கேட்டி மார்ச்சன்ட்டும் டீம் ஸ்பிரிண்டுக்கான ரியோ ஒலிம்பிக் வாய்ப்பைத் தவறவிட்டார்கள். இறங்கிய கையோடு, பயிற்சியாளர்களின் முடிவுகளை டிவியிலேயே விமர்சித்தார்கள். அடுத்த மாதம் வார்னிஷ் அணியில் இல்லை. அவருக்கு வயது 25.

'போய்க் குழந்தை பெற்றுக்கொள்' என்று தொழில்நுட்ப இயக்குநர் ஷேன் சட்டன் சொன்னதாக வார்னிஷ் புகார் செய்தார். சட்டன் மறுத்தார், ஆனால் ஏப்ரலிலேயே பதவி விலகினார். அவர் பாகுபாடான சொற்களைப் பயன்படுத்தினார் என்று பின்னர் உள்விசாரணை முடிவு செய்தது. கூடவே டிவியில் பேசிய மார்ச்சன்ட் அணியில் நீடித்து, ரியோவில் தனிநபர் ஸ்பிரிண்டில் வெண்கலமும் வாங்கினார். ஆகவே பேசியதற்காக மட்டுமே நீக்கம் என்றும் அடித்துச் சொல்ல முடியாது.

என் பார்வையில் உண்மையான சிக்கல் வேறு. தேர்வு செய்பவரும் திட்டுபவரும் ஒரே ஆள் என்றால் வீராங்கனை யாரிடம் முறையிடுவார்? வார்னிஷ் வேலைவாய்ப்புத் தீர்ப்பாயத்துக்குப் போனார். தேசிய லாட்டரிப் பணத்தில் உதவித்தொகை பெற்ற அவர் ஊழியர் அல்ல என்று 2019-ல் தீர்ப்பு வந்தது. 2020-ல் மேல்முறையீடும் தோற்றது. ஊழியரே இல்லை என்றான பிறகு அநியாயப் பணிநீக்கம் என்று வாதாடவே வழியில்லை.