டென்ட் ஜிப்புக்கு எண்ணெய் விடலாமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் அண்ணே. கொழுக்குமலை, மேகமலைன்னு ஃப்ரெண்ட்ஸோட அடிக்கடி கேம்ப் போறோம். டென்ட் வாசல் ஜிப் முதல்ல டைட்டா ஓடிச்சு, தேங்காய் எண்ணெய் தடவுனேன், கொஞ்ச நாள் வழுக்கிட்டுப் போச்சு. இப்ப என்னடான்னா மூடிட்டே வரும்போது பின்னாடியே வாயப் பொளந்துக்குது. முழு ஜிப்பையும் மாத்தணும்னு டெய்லர் சொல்றாரு. வேற வழியே இல்லையா?
– வாசகர், தேனி

பதில்: இருக்கு தம்பி, ஜிப்ப மாத்த அவசரப்படாதீங்க. ஜிப் பொளந்துக்குச்சுன்னா எல்லாரும் பல்லு போயிடுச்சுன்னு நினைக்கிறாங்க, ஆனா முக்கால்வாசி நேரம் போறது ரன்னர்தான், அதாவது ஜிப்ப மூடவும் திறக்கவும் நாம பிடிச்சு இழுக்குற அந்தச் சின்னக் கட்டை. ரெண்டு வரிசைப் பல்லையும் சரியான கோணத்துல சேத்து அமுக்கி ஒண்ணுக்குள்ள ஒண்ணு மாட்ட வைக்கிறது அந்த ரன்னருக்குள்ள இருக்குற சின்ன பாதை. சுண்ட்பேக்னு ஒருத்தர் அமெரிக்காவுல 1917-ல பேட்டன்ட் வாங்குன ஜிப்புலயும் வேலை இப்படித்தான் நடந்துச்சு, இன்னிக்கும் அதேதான். டென்ட்டுல பல்லு நைலான், இல்லன்னா பாலியஸ்டர் சுருள், அது லேசுல தேயாது. ரன்னர் பெரும்பாலும் துத்தநாகக் கலவைல வார்த்தது, மண்ணு உள்ள போய் ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் உரச உரச அந்தப் பாதை அகலமாயிடும், அப்புறம் அமுக்கம் பத்தாது, பல்லு மாட்டாது, அவ்ளோதான் விஷயம்.

அந்த மண்ண உள்ளயே பிடிச்சு வெச்சதுதான் நீங்க விட்ட எண்ணெய். ஈரமா ஒட்டுற எதுவுமே, தேங்காய் எண்ணெய், வாசலின், மெஷின் ஆயில் எதுவா இருந்தாலும் அன்னிக்கு வழுக்கும், மறுநாள் புழுதியக் குழைச்சு உப்புத்தாள் மாதிரி ஆக்கி வெச்சிடும். அதோட தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழ போனாலே உறைய ஆரம்பிச்சிடும், கொழுக்குமலை ராத்திரில அது ரன்னருக்குள்ள வெள்ளையா கட்டி நின்னா நீங்க எப்படி இழுப்பீங்க?

இப்ப பண்ண வேண்டியது. முதல்ல கழுவுங்க. வெதுவெதுப்பான தண்ணில ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விட், ஒரு பழைய டூத் பிரஷ். பல்லோட ரெண்டு பக்கமும் தேய்ங்க, ரன்னரோட முன்வாய் பின்வாய் ரெண்டுலயும் பிரஷ் நுனிய விட்டுத் தேய்ங்க, அப்புறம் நல்ல தண்ணிய ஊத்திக்கிட்டே ரன்னர மேலயும் கீழயும் ஓட்டுங்க, கறுப்பா ஒரு தண்ணி வரும், அது நிக்கிற வரைக்கும் ஓட்டணும். நிழல்ல நல்லா காய விட்டுட்டு சாதாரண வெள்ளை மெழுகுவர்த்திய எடுத்து மூடுன ஜிப் மேல ரெண்டு பக்கமும் தேச்சு, ரன்னர நாலஞ்சு தடவை ஓட்டி, மேல நிக்கிற மெழுகுத் துகள துணியால தொடச்சு எடுத்துடுங்க. மெழுகு காஞ்சே இருக்கும், மண்ண இழுக்காது. மெழுகுவர்த்திய ஏத்தி உருக்கி ஊத்தாதீங்க, தீ பட்டா டென்ட் துணி ஓட்டையாயிடும்.

அதுக்கப்புறமும் பொளந்தா எங்க பொளக்குதுன்னு பாருங்க. எப்பவும் ஒரே இடத்துலன்னா அங்க சுருள் நசுங்கியிருக்கு, அதுக்கு டெய்லர் சொல்றதுதான் சரி. ரன்னர் போற இடமெல்லாம் பொளந்தா ரன்னர் தேஞ்சிருக்கு. சின்ன குறடு எடுத்து, பல்லு சேந்து வெளிய வர்ற பின்பக்கத்துல ரெண்டு ஓரத்தையும் ஒரு ஓரம் மாத்தி ஒரு ஓரம் லேசா அமுக்குங்க, ஓட்டிப் பாருங்க, திரும்ப ஒரு துளி அமுக்குங்க. பலமா அமுக்குனா உலோகம் பட்டுனு ஒடிஞ்சிடும். இது அந்த ட்ரிப்ப ஓட்டுறதுக்குத்தான், நிரந்தரத் தீர்வு புது ரன்னர்தான். பை ரிப்பேர் கடைல போட்டுத் தருவாங்க, ஜிப் ஓரத்துல தையல ஒரு இஞ்ச் பிரிச்சு, ரெண்டு பட்டையையும் சமமா கோத்து, திரும்ப தைக்கணும், ஒரு பல்லு முன்ன பின்ன ஆனாலும் கடைசில துணி புடைச்சிட்டு நிக்கும்.

கேள்வி: அதே ரன்னர்தான் வேணும்னு கடைல எப்படிக் கேக்குறது? அளவு தெரியலையே.
– வாசகி, திருச்சி

பதில்: ரன்னர திருப்பிப் பாருங்க அக்கா, நிறைய ரன்னர்ல அடிப்பக்கம் 5, 8, 10னு ஒரு நம்பர் அடிச்சிருக்கும். மூடுன பல்லோட அகலம் மில்லிமீட்டர்ல ஏறக்குறைய அந்த அளவுதான், பெரிய பேக்பேக்ல பெரும்பாலும் 8, 10, ஜாக்கெட்ல 5, பாக்கெட்ல 3. ஆனா நம்பர் மட்டும் போதாது, சுருள் ஜிப் ரன்னர் வேற, தனித்தனி பிளாஸ்டிக் பல்லுக்கு வேற, மெட்டலுக்கு வேற, நம்பர் ஒண்ணா இருந்தாலும் ஒண்ணுக்கொண்ணு செட் ஆகாது. பழைய ரன்னரயே கழட்டி கைல கொண்டு போயிடுறது நல்லது.

கேள்வி: கோவளத்துல சர்ஃபிங் கத்துக்கிறேன் ப்ரோ. பைல இருக்குற மெட்டல் ஜிப் வெள்ளை வெள்ளையா பூத்து அசையவே மாட்டேங்குது. சிலிக்கான் ஸ்ப்ரே அடிக்கலாமா?
– வாசகர், சென்னை

பதில்: அது உப்பு, கூடவே உலோக அரிப்பு. இப்ப இழுக்காதீங்க. வெதுவெதுப்பான தண்ணில ஊற வைங்க, விடலன்னா வினிகரும் தண்ணியும் சமமா கலந்து அந்த இடத்துல பிரஷ்ஷால தேய்ங்க, ரொம்ப நேரம் விட்டுடாம உடனே நல்ல தண்ணில அலசிடுங்க, காஞ்சதும் மெழுகு, இல்லன்னா பென்சில் முனைய பல்லு மேல தேய்ங்க, மெட்டலுக்கு பென்சில் கரி நல்லாவே வேலை செய்யும். சிலிக்கான் தப்பில்ல, ஆனா துணில ஸ்ப்ரே பண்ணிட்டு அந்தத் துணியால ஜிப்ப மட்டும் தொடைங்க, டென்ட், ரெயின்கோட்டு மேல தெறிச்சா பின்னாடி தையல் ஓரத்துல பசையோ டேப்போ ஒட்டாது. கடல்லருந்து வந்த அன்னிக்கே குழாய்த் தண்ணில அலசிடுங்க.

கேள்வி: ரெயின் ஜாக்கெட்ல ரப்பர் மாதிரி பளபளன்னு இருக்குற ஜிப்புக்கும் மெழுகுதானா?
– வாசகர், கோவை

பதில்: அந்தப் பளபளப்பு மேல ஒட்டுன மெல்லிய படலம், அத பிரஷ் போட்டுத் தேய்க்காதீங்க, அயர்ன் பக்கம் காட்டாதீங்க, உரிஞ்சிடும். ஈரத்துணியால தொடச்சாப் போதும், டைட்டா இருந்தா உள்பக்கப் பல்லுல மட்டும் கொஞ்சம் மெழுகு. வாஷிங் மெஷின்ல போடறதுக்கு முன்னாடி எல்லா ஜிப்பையும் மூடிடுங்க.

கேள்வி: ஸ்லீப்பிங் பேக் துணி ஜிப்புல மாட்டிக்கிட்டா?
– வாசகி, நீலகிரி

பதில்: ரன்னர முன்னாடி இழுக்கவே கூடாது. ஒரு கைல ரன்னர வந்த வழியே லேசா பின்னுக்குத் தள்ளிக்கிட்டே, இன்னொரு கைல துணிய பக்கவாட்டுல இழுங்க, ரன்னரோட வாய்ல கொஞ்சம் காஞ்ச சோப்பு தேச்சா சீக்கிரம் வரும். வந்ததும் அந்தத் துணி ஓரத்தை ஜிப்புலருந்து ஒரு விரல் தள்ளி மடிச்சு கைத்தையல் போட்டுடுங்க.