மூன்று ஏக்கரிலும் மக்காச்சோளம் போடலாமா?

கேள்வி: தேவகோட்டைப் பக்கம் மூன்று ஏக்கர் இருக்கிறது. ஒன்றரை ஏக்கர் கண்மாய்ப் பாசன வயல், களிமண். மீதி செம்மண் மேடு, போர் உண்டு, தண்ணீர் சுமார்தான். மூன்றிலும் மக்காச்சோளம் போடு, கோழித்தீவனத்துக்கு எடுத்துக்கொள்வார்கள் என்கிறார் விதைக்கடைக்காரர். இரண்டு கறவை மாடும் கொஞ்சம் நாட்டுக்கோழியும் வைத்திருக்கிறேன். அம்மாவோ, "மனுசன் திங்காத பயிரை எதுக்குடா வைக்கிறே" என்கிறார். என்ன செய்யலாம் ஐயா?

பதில்: தம்பி, கண்மாய் வயலை முதலில் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். ஐப்பசி கார்த்திகையில் அங்கே தண்ணீர் நிற்கும். இளம் மக்காச்சோளத்துக்கு வேரில் இரண்டு மூன்று நாள் தண்ணீர் கட்டினாலே போதும், மஞ்சளித்துப் போய்விடும். அங்கே நெல்தான். மேட்டில் போடலாம், அதுவும் ஒரு ஏக்கர் போதும். ஏனென்றால் 50, 55 நாளில் ஆண்பூ வந்து கதிரில் பட்டுநூல் வெளிவரும் நேரம் தண்ணீர் தவறினால் கதிர் பொக்கையாகிவிடும், ஐப்பசியில் விதைத்தால் அது மழை பின்வாங்கும் மார்கழியில் வந்து விழும், உங்கள் போர் ஒரு ஏக்கருக்குத்தான் ஈடுகொடுக்கும்.

அம்மா சொல்வது பாதி சரி. மனுசன் தின்கிறான், நேராகத் தின்பதில்லை, அவ்வளவுதான். காரைக்குடியில் செட்டிநாடு வறுவல் என்று தட்டில் வரும் பிராய்லரும் நாமக்கல் முட்டையும் வளர்வது பாதிக்கு மேல் மக்காச்சோளம் கலந்த தீவனத்தில்தான். சில்லி சிக்கனில் மொறுமொறுப்புக்குப் போடும் கார்ன் மாவும், கஸ்டர்ட் பவுடரும் இதே மணிதான். அமெரிக்காவில் இன்னும் ஒரு படி மேலே போய், விளைவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை எத்தனாலாக்கி வண்டிக்கு ஊற்றுகிறார்கள், குளிர்பானத்துக்கு இனிப்புப் பாகும் இதிலிருந்தே எடுக்கிறார்கள். இங்கேயும் எத்தனாலுக்கு மக்காச்சோளம் போக ஆரம்பித்த பிறகுதான் விலை கொஞ்சம் நிமிர்ந்தது. ஆக நீங்கள் விளைவிப்பது ஆலைக்கான கச்சாப் பொருள். கோழிப்பண்ணையில் ஒரு நோய் வந்தாலும், எத்தனால் கொள்கை மாறினாலும் அடி உங்கள் மூட்டையில்தான் விழும். 2025-26க்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய், ஆனால் நெல்லுக்கு மாதிரி ஊருக்கு ஊர் கொள்முதல் நிலையம் இதற்குக் கிடையாது. "எடுத்துக்கொள்வார்கள்" என்றால் யார், என்ன விலைக்கு, எவ்வளவு ஈரப்பதத்தில் என்று விதை வாங்கும் முன்பே கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லாத கடைக்காரருக்கு விதை விற்றால் சரி, அவ்வளவுதான்.

மக்காச்சோளக் குருத்தைத் தின்னும் படைப்புழுவை மறக்காதீர்கள். 2018ல்தான் இந்தியாவுக்குள் வந்தது, இன்றைக்கு அது இல்லாத மக்காச்சோளக் காடே இல்லை. முளைத்த இரண்டாவது வாரத்திலிருந்து காலையில் குருத்தை விரித்துப் பாருங்கள். இலையில் சுரண்டிய வெள்ளைத் திட்டு, உள்ளே ஈர மரத்தூள் மாதிரி எச்சம், புழுவின் வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளி இருந்தால் அதுதான். சின்னப் புழுவாக இருக்கும்போதே எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்ஜி, லிட்டருக்கு 0.4 கிராம், குருத்துக்குள் இறங்கும்படி அடியுங்கள், மேலாகத் தெளித்தால் மருந்துதான் வீண். கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் புண்ணாக்கு போட்டுவிடுங்கள்.

அறுப்புக்கு அவசரம் வேண்டாம். மணியைப் பிடுங்கி அடிமுனையை நகத்தால் கீறுங்கள், கறுப்புப் படலம் தெரிந்தால் முற்றிவிட்டது. தார்ப்பாயில் காயவைத்து ஈரப்பதத்தை 14 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்த பிறகே மூட்டை கட்டுங்கள். ஈரமாகக் கட்டினால் பூஞ்சணம் பிடித்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு சேரும், விலையை வெட்டுவார்கள். அந்த மூட்டையை வீட்டுக் கோழிக்குப் போடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், அதற்கும் அது விஷந்தான்.

நல்ல மணியை உடைத்துக் கோழிக்குப் போடுங்கள், மஞ்சள் கரு நன்றாக நிறம் ஏறும். ஆனால் இதில் லைசின் என்ற புரதக்கூறு குறைவு, அதனால் கூடவே புண்ணாக்கு, கீரை என்று ஏதாவது இருக்கட்டும். மாட்டுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள், ஒரே நாளில் அதிகம் தின்றால் வயிற்றில் அமிலம் ஏறிப் படுத்துவிடும். மேட்டில் மிச்சமுள்ள அரை ஏக்கரில் ஆப்பிரிக்கன் டால் என்ற தீவன மக்காச்சோளத்தைப் பசுந்தீவனத்துக்குப் போடுங்கள், மணி பால் பிடிக்கும் பருவத்தில் அறுத்துக் கொடுக்கலாம், படைப்புழு மருந்து அடித்த பயிரை உடனே அறுக்கக் கூடாது. உர அளவுக்கு மண் மாதிரியை எடுத்துக்கொண்டு குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள், விதைப்புக்கு ஒரு மாதம் முன்னாலேயே.