ஸ்பெயினின் பசுமை வழிகளில் மிதிவண்டி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஸ்பெயினின் ‘வியா வெர்தே’ எனப்படும் பசுமை வழிகளைப் பற்றியவை. ரயில் நின்றுபோன தடங்களில் தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்து, நடப்பவர்களுக்கும் மிதிவண்டிக்காரர்களுக்கும் திறந்துவிடும் திட்டம் அங்கே 1993-இல் தொடங்கியது. இன்று அவ்வழிகளின் மொத்த நீளம் 3,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. கீழே மத்தியதரைக் கடலை ஒட்டிய கட்டலோனியா, வலென்சியா பகுதிகளையும் தெற்கே ஆந்தலூசியாவையும் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

எட்டு வயதிலும் பதினொரு வயதிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். முதல் பயணத்துக்கு ஏற்ற பாதை எது?

பெனிகாசிமுக்கும் ஒரோபெசாவுக்கும் இடையே கடலைப் பார்த்தபடியே செல்லும் ‘வியா வெர்தே தெல் மார்’ பாதையில் தொடங்குங்கள். வலென்சியா–பார்சிலோனா ரயில் ஒருகாலத்தில் ஓடிய தடம் அது. ஒரு பக்கம் ஐந்தரை கிலோமீட்டர்தான், ஏற்ற இறக்கம் ஏறக்குறைய இல்லை. மாலை நேரத்தில் ஊரே அங்கு காற்று வாங்க வந்துவிடும் என்பதால் காலையிலேயே போய்விடுங்கள். பசுமை வழிகளில் நடப்பவருக்கே முதலுரிமை என்பதை முதல் நாளே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

ஒலோத்திலிருந்து ஜிரோனா வரை முழுக்க இறக்கம் என்று கேள்விப்பட்டோம். உண்மையா?

முக்கால்வாசி உண்மை. கட்டலோனியாவிலுள்ள ஒலோத் ஏறத்தாழ 440 மீட்டர் உயரத்திலும் ஜிரோனா 70 மீட்டர் உயரத்திலும் இருப்பதால் மொத்தக் கணக்கு இறக்கம்தான். ஆனால் புறப்பட்டவுடன் 620 மீட்டர் உயரத்திலுள்ள கோல் தென் பாஸ் கணவாய் வரை ஏறியாக வேண்டும். அதன் பிறகு லெஸ் பிளானெஸ், அமேர் ஊர்களைக் கடந்து ஜிரோனா வரை பாதை சீராகத் தாழ்ந்துகொண்டே போகும். மொத்தம் 55 கிலோமீட்டர் அளவில் வரும். உள்ளூரார் ‘கரிலெத்’, அதாவது சிறு ரயில், என்று அழைத்த, அகலம் குறைந்த தண்டவாளத்தில் சென்ற ரயில் இங்கே 1969 வரை ஓடியது. மறுநாள் உடல் ஒத்துழைத்தால் அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு தடத்தில், ஜிரோனாவிலிருந்து இன்னும் 40 கிலோமீட்டர் ஓட்டிச் சான் ஃபெலியூ தெ கீஷல்ஸ் துறைமுகத்தில் கடலைத் தொட்டுவிடலாம்.

நல்ல பாதையாக ஒன்று சொல்லுங்கள்.

எந்த மாதம், எத்தனை நாள், எந்த வண்டி, கூட வருபவர் யார், இதற்கு முன் ஒரே நாளில் எவ்வளவு தூரம் ஓட்டியிருக்கிறீர்கள் என்ற ஐந்தையும் எழுதி மறுபடி அனுப்புங்கள். இவை தெரியாமல் பாதை சொல்வது உங்களுக்குச் செய்யும் தீங்கு.

ஜூலை மாதம் விடுமுறை கிடைக்கிறது. ஆந்தலூசியாவில் ஓட்டலாமா?

வேண்டாம். உட்பகுதிகளில் 40 டிகிரியைத் தாண்டும் வெயில் அது. ஏப்ரல், மே மாதங்களிலோ அக்டோபரிலோ வாருங்கள்.

ஓஹோஸ் நெக்ரோஸ் பாதையை ஒரே நாளில் முடிக்க நினைக்கிறேன். வலென்சியா பக்கமிருந்து தொடங்கலாமா?

வரைபடத்தை ஒருமுறை பார்த்திருந்தாலே இந்தக் கேள்வி எழுந்திருக்காது. ஓஹோஸ் நெக்ரோஸ் சுரங்கங்களின் இரும்புத் தாதுவைச் சகுந்தோ துறைமுகத்துக்குக் கொண்டு செல்வதற்காக 1907-இல் ஓடத் தொடங்கி, 1972-இல் நின்ற ரயில் தடம் அது. நாட்டின் மிக நீளமான பசுமை வழிகளில் ஒன்றான இதன் நீளம் சுமார் 160 கிலோமீட்டர். வலென்சியா பக்கமிருந்து புறப்பட்டால், கடல் மட்டத்துக்கு அருகிலிருந்து 1,200 மீட்டருக்கும் மேலே இருக்கும் எஸ்கந்தோன் கணவாய் வரை நாள் முழுவதும் ஏறிக்கொண்டே இருப்பீர்கள். 100 மீட்டருக்கு 2 மீட்டருக்கும் குறைவான சராசரி ஏற்றம் காகிதத்தில் சின்னதாகத் தெரியும். எண்பது கிலோமீட்டருக்கு அது விடாமல் தொடரும்போதுதான் அதன் எடை தொடையில் தெரியும்.

தாது நிரம்பிய வண்டிகள் எந்தத் திசையில் சென்றனவோ அந்தத் திசையிலேயே நீங்களும் செல்லுங்கள். இந்தத் தடத்தின் உட்பகுதியிலுள்ள தெருவேல் நகரிலிருந்து புறப்பட்டால் முதலில் எஸ்கந்தோன் வரை ஏறத்தாழ 300 மீட்டர் ஏற வேண்டியிருக்கும். அன்று பாரம் சுமந்த இன்ஜின்களுக்கும் இந்தப் பயணத்தில் மிகக் கடினமான பகுதி அதுவாகவே இருந்திருக்கும். அதைக் கடந்துவிட்டால் பராக்காஸ் மேட்டுநிலம், ஹெரிக்கா, செகோர்பே என்று இறக்கம் உங்களைத் தானே கொண்டுபோய்விடும். இரண்டு அல்லது மூன்று நாளாகப் பிரித்துக்கொண்டு, வழியில் இரவு தங்குங்கள். தெருவேல் பக்கம் ஏப்ரலிலும் விடியற்காலைக் குளிர் விரலை மரத்துப்போக வைக்கும் என்பதால் கையுறை இல்லாமல் புறப்பட வேண்டாம்.

‘வியா வெர்தே தெ லா சியர்ரா’ பாதையில் 30 சுரங்கங்கள் இருந்தாலும் விளக்குப் போட்டிருக்கிறார்கள் என்கிறார்கள். கைப்பேசி வெளிச்சம் போதும்தானே?

போதாது. இதை எத்தனை முறை எழுதினாலும் அடுத்த தபாலில் இதே கேள்வி வந்துவிடுகிறது என்பதால் இம்முறை விரிவாகவே எழுதுகிறேன்.

ஆந்தலூசியாவில் புவெர்த்தோ செர்ரானோவிலிருந்து ஒல்வேரா வரை 36 கிலோமீட்டர் செல்லும் இந்தப் பாதை, 1920-களில் கட்டத் தொடங்கி, உள்நாட்டுப் போரோடு கைவிடப்பட்ட ஒரு ரயில் தடம். சுரங்கம் குடைந்தார்கள், பாலம் கட்டினார்கள், நிலையங்களும் எழுப்பினார்கள். ஆனால் ஒரு ரயிலும் அதில் ஓடியதில்லை. சுரங்கங்களில் மிக நீளமானது ஒரு கிலோமீட்டரை எட்டும். உள்ளே வளைந்து போகும் சுரங்கங்களில் மறுமுனை வெளிச்சமும் கண்ணுக்குத் தெரியாது. சுவரில் நீர் கசிந்து தரை வழுக்கும்.

விளக்குகள் இருக்கின்றன என்பது உண்மைதான். அவை எரியாத நாளும் உண்டு என்பதும் அதே அளவுக்கு உண்மை. மத்தியதரை வெயிலிலிருந்து இருட்டுக்குள் நுழையும் கண்ணுக்கு ஓரளவு தெரிய ஆரம்பிக்கவே சில நிமிடங்கள் ஆகும், முழுவதும் பழக அரை மணி நேரம்கூட ஆகலாம். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு ஐந்தரை மீட்டர். பத்து வினாடி குருடாக ஓட்டினால், இடையில் யார் நடக்கிறார்கள் என்று தெரியாமலே 55 மீட்டர் கடந்திருப்பீர்கள்.

ஒரு ஏப்ரல் நண்பகலில் கோரிப்பேக்கு அருகே ஒரு சுரங்கத்தில் என் விளக்கொளியில் முதலில் தெரிந்தது ஒரு சிறுமியின் வெள்ளைச் செருப்பு. அவள் தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நடந்துகொண்டிருந்தாள். அவர் கறுப்புச் சட்டை அணிந்திருந்ததால் பத்தடி தூரம் வரை எனக்குத் தெரியவேயில்லை. நான் மணியடித்து இறங்கி நின்ற அதே நேரத்தில், எனக்குப் பின்னால் குளிர்க்கண்ணாடியைக் கழற்றாமல், ஒரு கையில் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்த இளைஞர் என்னை மோதாமல் தப்பிக்கச் சுவரில் உரசி விழுந்தார். முழங்கை கிழிந்து எலும்பு தெரிந்தது. நான் அங்கே நிற்காமல் இருந்திருந்தால் அவர் அந்தக் குழந்தையின் மேல் போய் விழுந்திருப்பார். அந்த வெள்ளைச் செருப்பை நினைக்கும்போது இன்றும் எனக்குக் கை நடுங்குகிறது.

ஆகவே கைப்பிடியில் பொருத்திய முன்விளக்கு ஒன்று, இருக்கைக்குக் கீழே சிவப்புப் பின்விளக்கு ஒன்று, பையில் மாற்று மின்கலம் ஆகிய மூன்றும் வேண்டும். சுரங்கங்களில் விளக்கு வேண்டும் என்பது ஸ்பெயினின் போக்குவரத்துச் சட்டமும்கூட. வாயிலுக்கு முன்பே குளிர்க்கண்ணாடியைக் கழற்றுங்கள், வேகத்தை நடைவேகத்துக்குக் குறையுங்கள், விளக்கு எரியாத சுரங்கமாக இருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். கட்டலோனியாவின் தெர்ரா அல்தா பாதைக்குப் போகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன், அங்கே விளக்கே இல்லாத சுரங்கங்கள் உண்டு.

இத்தனை எச்சரிக்கைக்குப் பிறகும் அந்தப் பாதைக்குப் போகத்தான் வேண்டும் என்பேன். சுரங்கங்களுக்கு நடுவே வெளிச்சத்துக்கு வந்ததும் சஃப்ரமகோன் பாறை எதிரில் நிற்கும். அங்கே கூடுகட்டி வாழும் பெருங்கழுகுகள் சிறகசைக்காமல் வட்டமிடுவதைப் பார்ப்பதற்காகவே பலமுறை போயிருக்கிறேன்.

தலைக்கவசம் கட்டாயமா?

16 வயதுக்குட்பட்டவர்களுக்கு எங்கும் கட்டாயம், மற்றவர்களுக்கு ஊருக்கு வெளியே கட்டாயம்.

ஒரே நாளில் நான்கு பஞ்சர். டயர் புதிது. என்ன காரணம்?

நெருஞ்சி முள். நம் ஊர் வரப்பில் காலைக் குத்தும் அதே செடிதான், மத்தியதரைப் பகுதிக்கும் சொந்தமானது. ஸ்பானிய மொழியில் ‘அப்ரோஹோ’ என்பார்கள். கோடையின் முடிவில் காய்கள் உலர்ந்து பாதையோரத்தில் சிதறிக் கிடக்கும். ஓய்வெடுக்க வண்டியைப் புல்லோரம் ஒதுக்கும் ஒவ்வொரு முறையும் டயரில் இரண்டு மூன்று ஏறிவிடும். வண்டியைத் தூக்கிப் பாதையின் நடுவில் வைத்துவிட்டு நீங்கள் மட்டும் ஓரத்துக்குப் போங்கள். ட்யூப் இல்லாத டயரில் அடைப்புத் திரவம் ஊற்றியிருந்தால் பெரும்பாலான முட்கள் பிரச்சினையே ஆகாது. ட்யூப் டயர்தான் என்றால், முள்ளைப் பிடுங்காமல் ட்யூபை மட்டும் மாற்றாதீர்கள். உங்கள் நான்கு பஞ்சரில் இரண்டாவது அப்படித்தான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

வழியில் இருக்கும் குழாய்களில் குடிக்கலாமா?

‘அகுவா நோ பொத்தாப்லே’, அதாவது குடிநீர் அல்ல, என்று எழுதியிருந்தால் குடிக்கவே கூடாது. எதுவும் எழுதாத குழாயையும் நம்ப வேண்டாம். ஆளுக்கு 2 லிட்டர் கையில் இருக்கட்டும், ஊர் கண்ட இடத்தில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

மிதிவண்டியை ரயிலில் ஏற்ற முடியுமா?

புறநகர், வட்டார ரயில்களில் முடியும், ஆனால் ஒரு ரயிலில் சில வண்டிகளுக்கே இடம். அதிவேக ரயிலில் மடித்தோ கழற்றியோ உறையில் வைத்தால்தான் ஏற்றுவார்கள். நான்கு பேருக்கு மேல் என்றால் ஒரே ரயிலை நம்பிப் புறப்படாமல், இரண்டு குழுக்களாகப் பிரிந்து வாருங்கள்.

நவம்பரில் ஆலிவ் பாதை எப்படி இருக்கும்?

ஹயேனிலிருந்து புவெந்தே ஹெனீல் வரை 128 கிலோமீட்டர் செல்லும் ‘வியா வெர்தே தெல் அசெய்த்தே’ பற்றிக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். எண்ணெய் ஏற்றிச் சென்ற ரயிலின் தடம் அது, 1980-களின் நடுவில் மூடப்பட்டது. ஹயேன் மாகாணத்தில் மட்டும் ஆறு கோடிக்கும் மேற்பட்ட ஆலிவ் மரங்கள் இருப்பதால், கண்ணுக்கெட்டிய தூரம் வரை வரிசை வரிசையாக வேறெதுவும் தெரியாது. நவம்பரில் அறுவடை தொடங்கிவிடும். மரத்தடியில் வலை விரித்து, கிளைகளை உலுக்கிக் காய் சேகரிப்பார்கள். செக்கு ஆலைகளைக் கடக்கும்போது பச்சைக் காய் நசுங்கும் கசப்பு வாசனை காற்றில் வரும். நிழல் இல்லாத இந்தப் பாதைக்கு வெயில் தணிந்த மாதங்களே ஏற்றவை. ஆனால் மழை பெய்த மறுநாள் மட்டும் ஓட்டாதீர்கள், களிமண் சக்கரத்தில் அப்பிக்கொண்டு மட்கார்டுக்குள் அடைத்துவிடும். சுஹேரோஸ் ஊருக்குக் கீழே ஒரு பழைய இரும்புப் பாலம் வரும். அதன் நடுவில் நின்று, மேலே பாறை உச்சியில் இருக்கும் கோட்டையைப் பார்க்கப் பத்து நிமிடமாவது ஒதுக்குங்கள். விளக்கை மறக்க வேண்டாம், நவம்பரில் ஆறரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும்.