மன்னிச்சது அவங்க, ஆமென் சொன்னது நாம

அன்புள்ள அக்கா, ஸ்தோத்திரம்.

டாலஸ் பக்கத்துல ஒரு தமிழ் சபைக்குப் பன்னிரண்டு வருஷமா போயிட்டிருக்கோம். ஜூன் மாசம் பாஸ்டர் மன்னிப்பைப் பத்திப் பிரசங்கம் பண்ணார். 2015ல சார்ல்ஸ்டன் சர்ச்ல ஒன்பது கறுப்பின விசுவாசிகளை ஒரு வெள்ளைக்காரப் பையன் சுட்டுக் கொன்னதையும், ரெண்டே நாள்ல குடும்பத்துக்காரங்க அவனை மன்னிச்சதையும் சொன்னப்ப எல்லாரும் அழுதுட்டோம். ஆராதனை முடிஞ்சதும் பத்தாவது படிக்கிற என் பொண்ணு அவர்கிட்டப் போய், "அவங்க மன்னிச்சாங்க அங்கிள், மத்த சர்ச்சுங்க என்ன பண்ணாங்க?"ன்னு கேட்டுட்டா. "அதெல்லாம் பாலிடிக்ஸ்மா, சபைக்குள்ள வேணாம்"னுட்டார். அன்னிலேருந்து சர்ச்சுக்கு வரமாட்டேங்கிறா. எனக்கும் பாஸ்டர் சொன்னது சரின்னுதான் படுது. நாம பிழைக்க வந்தவங்க, வெள்ளை கறுப்புச் சண்டை நமக்கெதுக்கு? இனவெறி சட்டதிட்டங்கள்லயே ஊறிக் கிடக்குன்னு சொல்ற இந்த ரேஸ் தியரி எல்லாம் வேதத்துக்கு விரோதம்னும் சொல்றாங்களே, உண்மையா? பொண்ணை எப்படித் திரும்பக் கூட்டிட்டு வர்றது?

ஜே.

தம்பி ஜே,

உங்க கடிதம் வந்து மூணு வாரம் ஆச்சு. நாலு தடவை பதில் எழுதி அழிச்சேன், நாலு தடவையும் கோபமாத்தான் வந்துச்சு. சார்ல்ஸ்டன் எனக்குப் பத்து வருஷமா நெஞ்சுல கிடக்கிற விஷயம், நீங்க தெரியாம அதுல கை வெச்சுட்டீங்க.

ரேஸ் தியரி பத்தி உங்ககிட்ட சொன்னவங்க அதுல ஒரு பக்கமாவது படிச்சிருக்காங்களான்னு கேட்டுப் பாருங்க. அவ்வளவுதான், அதுக்கு மேல அதைப் பேச எனக்கு மனசில்ல.

"பிழைக்க வந்தவங்க"ன்னு எழுதியிருக்கீங்களே, அது சுருக்குன்னு தச்சுது. நாம இங்க எப்படி வந்தோம்? 1946லேருந்து இந்தியாவுக்குன்னு இருந்த குடியேற்ற கோட்டா வருஷத்துக்கு நூறு பேர். 1964ல சிவில் ரைட்ஸ் சட்டம், 65ல ஓட்டுரிமைச் சட்டம், அதே 65 அக்டோபர்ல குடியேற்றச் சட்டம் மாறுச்சு, அதுக்கப்புறம்தான் நம்ம டாக்டருங்களும் இன்ஜினியருங்களும் குடும்பம் குடும்பமா வந்து இறங்கினாங்க. அந்த வருஷம் அலபாமாவுல ஓட்டுரிமை கேட்டு ஊர்வலம் போய் செல்மா பாலத்துல போலீஸ்கிட்ட அடி வாங்கின கறுப்பு ஜனங்க எங்கேருந்து கிளம்பினாங்க தெரியுமா, பிரவுன் சாப்பல்னு ஒரு சர்ச்லேருந்து. அது ஆப்பிரிக்கன் மெத்தடிஸ்ட் எபிஸ்கோபல் சபை, ஏ.எம்.இ.ன்னு சொல்லுவாங்க. சார்ல்ஸ்டன் இமானுவேல் சர்ச்சும் அதே சபைதான். அவங்க மண்டை உடைஞ்சு திறந்த கதவு தம்பி அது, அதுக்குள்ள நுழைஞ்சு வந்து உக்காந்துக்கிட்டு உங்க சண்டை எங்களுக்கெதுக்குன்னு கேக்குறோம்.

அந்த சபை ஆரம்பிச்சதே எப்படின்னா, ஃபிலடெல்ஃபியாவுல வெள்ளைக்காரங்க சர்ச்ல முழங்கால் போட்டு ஜெபிச்சிட்டிருந்த கறுப்பு விசுவாசிங்களைப் பாதி ஜெபத்துலயே பிடிச்சு எழுப்பினதால. சார்ல்ஸ்டன்ல 1822ல அடிமைங்க கலகத்துக்குத் திட்டம் போட்டாங்கன்னு டென்மார்க் வீசிங்கிற (Denmark Vesey) கறுப்பினத் தலைவரோட சேத்து முப்பத்தஞ்சு பேரைத் தூக்குல போட்டாங்க, அவர் போன இதே சபையோட கோயிலையும் அழிச்சாங்க. அரசியல் வேணாம்னு உங்க பாஸ்டர் சொல்றாரே, 2015ல அந்த ராத்திரி முதல்ல சுடப்பட்ட கிளமென்ட்டா பிங்க்னி இமானுவேல் சர்ச்சோட பாஸ்டர் மட்டுமில்ல, சவுத் கரோலைனா மாநில செனட்டர். அந்த வருஷம் ஏப்ரல்ல வால்டர் ஸ்காட்டுங்கிற நிராயுதபாணியான கறுப்பினத்தவரை ஒரு போலீஸ்காரர் முதுகுல சுட்டதை யாரோ ஃபோன்ல படம் பிடிச்சிருந்தாங்க. போலீஸ் உடம்புல கேமரா வேணும்னு பிங்க்னி செனட்ல எழுந்து பேசினப்ப எதைச் சொல்லிப் பேசினார் தெரியுமா? தோமாவை. ஆணி அடிச்ச காயத்தைப் பாக்காம நம்பமாட்டேன்னாரே, நம்ம பரங்கிமலை தோமா, அவரை. கண்ணால பாத்தாத்தான் நம்புறாங்கன்னு. பிங்க்னிக்குப் பிரசங்க மேடையும் சட்டசபையும் வேற வேற இல்ல.

இப்ப மன்னிப்புக்கு வர்றேன். இதைத்தான் நான் சொல்லணும், நீங்க கேக்காட்டியும் சொல்லணும்.

ஜூன் 17, புதன்கிழமை பைபிள் ஸ்டடி. மாற்கு 4, விதைக்கிறவன் உவமை. சுட்டவன் உள்ள வந்தப்ப ஒரு தாளும் பைபிளும் குடுத்து பாஸ்டர் பக்கத்துலயே உக்கார வெச்சாங்க. முக்கால் மணி நேரத்துக்கு மேல உக்காந்திருந்தான், கடைசி ஜெபத்துக்குக் கண்ணை மூடினப்ப சுட்டான். அவன் ஒண்ணும் சர்ச் தெரியாதவன் இல்ல, ஞானஸ்நானம் வாங்கின லூத்தரன். வெள்ளிக்கிழமை ஜாமீன் விசாரணையில வீடியோவுல அவன் முகத்தைக் காட்டி, யாராவது பேசுறீங்களான்னு குடும்பங்களைக் கேட்டாங்க. நேடின் காலியர், எழுபது வயசு அம்மா ஈத்தல் லான்ஸைப் பறிகொடுத்தவங்க, எங்கம்மாவை இனிமே என்னால கட்டிப்பிடிக்க முடியாது, ஆனா உன்னை மன்னிக்கிறேன்னு சொன்னாங்க. அந்த வார்த்தைதான் உலகம் பூரா போச்சு, உங்க பிரசங்கத்துக்கும் வந்துச்சு. ஆனா அதே அறையில ஃபெலிசியா சாண்டர்ஸ் பேசினாங்க. இருபத்தாறு வயசுப் பையன் கண்ணு முன்னாடி செத்துக்கிட்டிருக்க, பேத்தியை அணைச்சுக்கிட்டு ரத்தத்துல பொணம் மாதிரிக் கிடந்து தப்பிச்சவங்க. உன்னைக் கை விரிச்சு வரவேத்தோமே, என் உடம்புல ஒவ்வொரு நரம்பும் வலிக்குது, நான் இனி பழைய மாதிரி ஆகவே மாட்டேன்னாங்க. இதை உங்க பாஸ்டர் வாசிச்சாரா? ஈத்தல் லான்ஸோட இன்னொரு மக ஷாரன் ரிஷர், அவங்களும் ஊழியக்காரிதான், உங்க டாலஸ்லயே ஆஸ்பத்திரியில நோயாளிங்களுக்கு ஜெபிக்கிற சாப்ளினா இருந்தவங்க, என்னால இப்போ மன்னிக்க முடியலன்னு வெளிப்படையா சொன்னாங்க, துப்பாக்கிச் சட்டம் மாறணும்னு ஊர் ஊராப் போய்ப் பேசினாங்க. ஒரே அம்மாவுக்கு அழுத ரெண்டு பொண்ணுங்கள்ல ஒருத்தியோட ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்துக்கிட்டு மத்தவளை ஏன் விட்டுட்டோம்? அந்த ஒரு வாக்கியம் நம்மளை வீட்டுக்கு நிம்மதியா அனுப்புது, அதான்.

மன்னிக்கிறது காயம்பட்டவங்களோட உரிமை தம்பி, பாத்துக்கிட்டிருந்த நமக்கு அதுல பங்கு கிடையாது. அவங்க மன்னிச்சதால நம்ம கணக்கு தீந்துடல. அவனுக்குத் துப்பாக்கி கிடைச்சது எப்படி? மூணு வேலை நாளுக்குள்ள பின்னணிச் சோதனை முடியலன்னா கடைக்காரர் வித்துடலாம்னு சட்டத்துல ஒரு ஓட்டை. அதை அடைக்க 2019லயும் 2021லயும் அமெரிக்க நாடாளுமன்றக் கீழவையில மசோதா பாஸ் ஆச்சு, ரெண்டு தடவையும் செனட்ல நின்னுபோச்சு. உங்க பொண்ணு கேட்டது இதைத்தான், மத்த சர்ச்சுங்க என்ன பண்ணாங்கன்னு. சமாதானமில்லாதிருந்தும் சமாதானம் சமாதானம் என்று சொல்லி என் ஜனத்தின் காயங்களை மேற்பூச்சாய்க் குணமாக்குகிறார்கள்னு எரேமியா அழுதாரே, அந்த "மேற்பூச்சாய்"ங்கிற வார்த்தை வர்றப்பல்லாம் எனக்கு அந்த ஞாயித்துக்கிழமை ஞாபகம் வந்துடும்.

நான் அப்ப நார்த் கரோலைனாவுல, ஷார்லட்ல இருந்தேன். சார்ல்ஸ்டனுக்கு மூணரை மணி நேரம், அவனைப் பிடிச்ச ஷெல்பிங்கிற ஊர் எங்க வீட்டுலேருந்து ஒரு மணி நேரம்கூட இல்ல. எங்க தமிழ் ஃபெல்லோஷிப்ல அந்த வாரம் ஜெபக்குறிப்பு வாசிக்கிறது என் முறை. ஒன்பது பேர் பேரையும் ஒரு தாள்ல எழுதிக் கொண்டுபோனேன், சூசி ஜாக்சனுக்கு எண்பத்தேழு வயசுன்னு வயசோட எழுதினேன். நடத்துறவர் பாத்துட்டு, பேரெல்லாம் வேணாம், வேற மாதிரிப் போயிடும், பொதுவா ஜெபிச்சுக்கலாம்னார். நானும் சரின்னு மடிச்சு வெச்சுட்டேன். அந்த ஊருக்கு சமாதானம் குடுங்கன்னு அரை நிமிஷம் ஜெபம், எல்லாரும் ஆமென், அப்புறம் சாப்பாடு. தட்டுல சோத்தைப் போட்டுக்கிட்டு, எப்படித்தான் மன்னிச்சாங்களோன்னு நாங்களும் உருகினோம். நாம யாரு தம்பி, கல்லறைத் தோட்டத்துலயே நடுவுல சுவர் எழுப்பி சாதி பாத்து பொதைச்ச சபைகளைப் பாத்து வளந்தவங்க. பேர் சொல்லாம பொதுவா ஜெபிக்கிறது நமக்கு அங்கேயே பழகிப்போச்சு.

ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு புதன்கிழமை சார்ல்ஸ்டன் இமானுவேல் சர்ச்சுக்குப் போனேன். பைபிள் ஸ்டடி அதே கீழ்த்தளத்துல நடக்குது, சுட்ட அடுத்த புதன்கிழமையே திரும்ப ஆரம்பிச்சிருந்தாங்க. யாருன்னே தெரியாத எனக்கும் ஒரு வயசான அம்மா பையை நகத்தி இடம் குடுத்து ஒரு தாளை நீட்டினாங்க. அவனுக்கும் இப்படித்தானே நீட்டியிருப்பாங்கன்னு தோணுச்சு, அந்தத் தாளைப் பிடிச்ச என் கை நடுங்குறதை அவங்க பாத்துட்டாங்க. முடிஞ்சதும் எங்கேருந்து வர்றேன்னு விசாரிச்சாங்க, நானும் விசுவாசிதான், ஷார்லட்ல எங்களுக்கு ஒரு சபை இருக்குன்னேன். அவங்க கோபமே இல்லாம, நெஜமாவே தெரிஞ்சுக்கிற ஆசையில கேட்டாங்க: "அந்த ஞாயித்துக்கிழமை உங்க சர்ச்ல என்ன சொன்னாங்க?"

நான் பதிலே சொல்லல. அந்த மடிச்ச தாள் என் பைபிள்ல, அவங்க கைக்கு எட்டுற தூரத்துல இருந்துச்சு. இன்னும் இருக்கு.

உங்க பொண்ணைக் கூட்டிட்டு வர வழி கேட்டிருந்தீங்க. அந்தப் பிள்ளை எங்கயும் போகலப்பா. அன்னிக்கு அழுத அத்தனை பேர்ல, பிரசங்கத்தைக் கேட்டது அவ ஒருத்திதான். அவளைத் திட்டாதீங்க, பாஸ்டர்கிட்ட மன்னிப்பு கேக்கச் சொல்லாதீங்க. அப்படிச் சொல்லியிருந்தீங்கன்னா இன்னிக்கே போய் அவகிட்ட நீங்க கேளுங்க. டாலஸ்ல ஏ.எம்.இ. சபைகள் இருக்கு, ஏதாவது ஒரு வாரம் நீங்களும் அவளும் மட்டும் போயிட்டு வாங்க. ஃபோனை எடுக்காதீங்க, மன்னிப்பைப் பத்தி யாரையும் கேக்காதீங்க. தாள் குடுத்தா வாங்கிக்கிட்டு உக்காருங்க. யாராவது உங்க சபையில என்ன சொன்னாங்கன்னு கேட்டா, பொண்ணைப் பேச விடுங்க.