ட்ராக் கழன்றுபோகிறது, மோட்டாரை மாற்றலாமா?

கேள்வி: போட்டிக்காக டாங்கி மாதிரி ட்ராக் வைத்த ரோபோ செய்கிறோம். பிளாஸ்டிக் கண்ணிகள் கோத்த ட்ராக். நேராக ஓடினால் பிரச்சினை இல்லை, நின்ற இடத்தில் திரும்பினால் கழன்றுவிடுகிறது. விற்றவர் இன்னும் சக்தியுள்ள மோட்டார் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். கழல்வதற்குக் காரணம் மோட்டார் இல்லை. ரோபோ திரும்பும்போது, தரையில் பதிந்த ட்ராக் முழுவதும் பக்கவாட்டில் உரசிக்கொண்டே நகர்கிறது. அந்தப் பக்க விசைதான் அதைச் சக்கரத்திலிருந்து தள்ளிவிடுகிறது.

முதலில் டேப்பை எடுத்து, ட்ராக் தரையில் படும் நீளத்தையும் இரண்டு ட்ராக்குகளின் நடுக்கோடுகளுக்கு இடைப்பட்ட தூரத்தையும் அளந்து பாருங்கள். நீளம் அந்தத் தூரத்தைப் போல ஒன்றரை மடங்கைத் தாண்டினால் திரும்புவது பெரும்பாடு. மோட்டார் கரண்டை இழுத்துக்கொண்டே இருக்கும், பேட்டரி வோல்டேஜ் சரிந்து கன்ட்ரோலர் அணைந்துபோகவும் கூடும். நடுச்சக்கரங்களை இரண்டு மூன்று மில்லிமீட்டர் கீழே இறக்கிப் பாருங்கள். முனைகள் லேசாகத் தூக்கிக்கொள்ளும், உரசும் நீளம் குறையும். இதற்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.

அப்புறம் ட்ராக்கின் உள்பக்கத்தைப் பாருங்கள். நடுவில் வரிசையாகப் புடைப்பும், அது உட்கார சக்கரத்தில் பள்ளமும் இருக்க வேண்டும். இல்லையென்றால் சக்கரத்தின் இரு ஓரத்திலும் விளிம்பாவது வேண்டும். இரண்டுமே இல்லாத ட்ராக் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் போட்டிக்கு வாங்காதீர்கள்.

சக்கரத்தைத் தாங்கும் தண்டான ஷாஃப்ட்டை ஒரு பக்கம் மட்டும் பிடித்திருக்கிறீர்களா? இழுவிசையில் அது வளையும், சக்கரம் சாயும், ட்ராக் ஓரத்துக்கு ஏறும். இரு முனையிலும் பேரிங் போடுங்கள். பலர் ட்ராக்கைக் குறை சொல்லும் இடத்தில் குற்றவாளி இந்த ஷாஃப்ட்தான்.

ட்ராக்கின் இறுக்கம் அதிகமானால் பேரிங்கும் கியர்பாக்ஸும் சக்தியைத் தின்னும். தளர்ந்தால் ஓட்டும் சக்கரத்தின் பல்லில் ட்ராக் பிடிபடாமல் தாவும். முன்சக்கரத்தைத் தள்ளி ட்ராக்கை இறுக்கிவைக்கும் அமைப்புதான் டென்ஷனர். அதில் ஸ்பிரிங் வைத்ததை நான் பரிந்துரைக்க மாட்டேன். பின்சக்கரம் ஓட்டும் வண்டி ரிவர்ஸில் வரும்போது முழு இழுப்பும் முன்சக்கரத்தின் மேல் விழுகிறது. ஸ்பிரிங் அமுங்கும், ட்ராக் தளரும், அங்கேயே பல் தாவும். நீள்துளையில் போல்ட் போட்டு இறுக்கும் வகையே நம்பகமானது.

கேள்வி: ட்ராக்காகப் போட, உள்பக்கம் பல் வைத்த ரப்பர் டைமிங் பெல்ட் நல்லதா, கண்ணி ட்ராக்கா?

பதில்: பெல்ட் சத்தமில்லாமல் சீராக ஓடும், ஆனால் அறுந்தால் முழுசாக மாற்ற வேண்டும். சேஸியைப் பிரிக்காமல் அதை மாட்ட முடியுமா என்று வாங்குவதற்கு முன்பே யோசித்துவிடுங்கள். கண்ணி ட்ராக்கில் உடைந்த கண்ணியை மட்டும் மாற்றினால் போதும். உதிரிக் கண்ணியும் அதைக் கோக்கும் ஊசியும் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காது என்றால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: ட்ராக் கட்டாயம் வேண்டுமா?

பதில்: களத்தைப் பொறுத்தது. பள்ளி மாணவர்களுக்கான ஃபர்ஸ்ட் (FIRST) ரோபாட்டிக்ஸ் போட்டியின் 2016 ஆட்டமான ஸ்ட்ராங்ஹோல்டில் அகழியும் கல்சுவரும் கடக்க வேண்டியிருந்தது. அங்கே ட்ராக்குக்கு வேலை இருந்தது. உங்கள் களம் சமதளம் என்றால், நடுச்சக்கரம் சற்றே தாழ்ந்த ஆறு சக்கர வண்டி செய்யுங்கள்.