குரல் உதவியாளர் பழகப் பழக நம்மைப் புரிந்துகொள்ளும் என்கிறார்களே, எங்கள் பாட்டி பேசுவது மட்டும் ஏன் இன்னும் அதற்குப் புரியவில்லை?

உங்கள் வீட்டில் பாட்டி, எங்கள் வீட்டில் அம்மா. அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது, பிறந்து வளர்ந்ததெல்லாம் திருநெல்வேலிப் பக்கம். டிவி ரிமோட்டில் மைக் பட்டன் இருப்பதைக் காட்டிக்கொடுத்த முதல் நாள், அதை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு "ஏ ராசா, சுசீலா பாட்டு ஒண்ணு போடேன்" என்றார். திரையில் வரிசையாக இளையராஜா பாடல்கள் வந்து நின்றன. "ராசான்னு கூப்பிட்டா அவரையே கூட்டிட்டு வந்துட்டு பாரு" என்று சிரித்தார். நாலு நாள் கழித்துச் சிரிப்பு நின்றுவிட்டது. "ஏலே, நீயே சொல்லு" என்று ரிமோட்டைப் பேரனிடம் நீட்ட ஆரம்பித்தார்.

உங்கள் கேள்விக்கான பதில் அந்த ரிமோட் கைமாறும் இடத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இயந்திரம் பேச்சைப் புரிந்துகொள்வது, அதற்கு ஏற்கெனவே கேட்கக் கொடுத்த பேச்சை வைத்துத்தான். யாருடைய பேச்சு அதில் குறைவோ அவர்களிடம் தடுமாறும். 2020இல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதை எண்ணிக் காட்டியது. அமேசான், ஆப்பிள், கூகுள், ஐபிஎம், மைக்ரோசாஃப்ட் ஆகிய ஐந்து நிறுவனங்களின் பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள்களுக்கு உண்மையான நேர்காணல்களைப் போட்டுக் காட்டினார்கள். வெள்ளையர் பேச்சில் சராசரியாக நூறு சொல்லுக்கு 19 பிழை, கறுப்பினத்தவர் பேச்சில் 35. ஐந்திலுமே இந்த இடைவெளி இருந்தது. இரு தரப்பும் ஒரே சொற்றொடரைச் சொன்ன இடங்களிலும் இருந்தது. அப்படியானால் சிக்கல் அவர்கள் பயன்படுத்தும் சொல்லில் இல்லை, அதைச் சொல்லும் விதம் இயந்திரத்தின் காதுக்குப் பழக்கமில்லை.

தமிழில் இதற்கு மேலே இன்னொரு வம்பு. பேச்சு சேகரிக்க எளிய வழி, வாக்கியத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்வது. மொசில்லாவின் காமன் வாய்ஸ் திட்டம் பெரும்பாலும் அப்படித்தான் சேர்க்கிறது, தமிழும் அதில் உண்டு. நல்ல வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் நாம் வாசிக்கும் தமிழ் வேறு, பேசும் தமிழ் வேறு. "வந்திருக்கிறார்கள்" என்று வாசிக்கிற அதே அம்மா அடுப்படியில் "வந்திருக்காவ" என்பார்.

சரி, பழகினால் கற்றுக்கொள்ளாதா? அது பழகுவது யார் திரும்பத் திரும்பப் பேசுகிறார்களோ அவர்களோடு. நாலு தடவை புரியாமல் போனதும் அம்மா பேசுவதையே விட்டுவிட்டார். அதற்கப்புறம் சுசீலாவைக் கேட்டதெல்லாம் பேரனின் குரல், பேரனின் அக்கவுண்ட். விளைவு, அவன் நண்பர்களோடு கிரிக்கெட் பார்க்க உட்கார்ந்தால் டிவி அவனுக்கு பி. சுசீலாவைப் பரிந்துரைக்கிறது. பயல் கூனிக் குறுகிப் போகிறான். அம்மாவின் ரசனை எப்படியோ உள்ளே போய்விட்டது, குரல்தான் போகவில்லை.

ஒரு விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். சில சாதனங்களில் "உங்கள் குரலைப் பதிவு செய்யுங்கள்" என்று ஒரு வசதி இருக்கும். அது பெரும்பாலும் பேசுவது யார் என்று அடையாளம் காண்பதற்கு. என்ன பேசுகிறார் என்பது அதனால் கூடுதலாகப் புரிந்துவிடாது. பாட்டியின் குரலைப் பதிந்தும் பயனில்லை என்று நீங்கள் குழம்பியிருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

நாங்கள் அம்மாவுக்குத் தனி அக்கவுண்ட் போட்டுக் கொடுத்தோம். தேடியது, கேட்டது எல்லாம் அவர் கணக்கில் சேர்வதால், சொல் கொஞ்சம் பிசகினாலும் முதல் பக்கத்திலேயே பழைய பாட்டு வந்துவிடுகிறது. இப்போது பட்டனை அமுக்கி, தொண்டையைச் செருமிக்கொண்டு, வானொலி அறிவிப்பாளர் மாதிரி "பி. சுசீலா பாடல்கள்" என்கிறார். ராசாவெல்லாம் கிடையாது. பாட்டு வந்ததும் பேரனைப் பார்த்து, "ஏலே, சத்தத்தக் கூட்டு."